கொள்ளுப்பாட்டி எந்த வீட்டுப் பெண்? வெள்ளைக்காரர் காலத்துப் பெண்ணின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

வம்சாவளி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அப்பா வழியில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர் ஊரோடும் நிலத்தோடும் வந்துவிடுகிறது. பக்கத்தில் மனைவியின் இடத்தில் ‘மீனாட்சி’ என்று ஒரு சொல். அவள் யார் மகள், எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

ஏறத்தாழ 1860-க்கும் 1940-க்கும் இடையில் தமிழ்நாட்டில் வாழ்ந்த ஒரு பெண்ணின் அப்பா பெயரையும் பிறந்த ஊரையும் ஆவணத்தோடு கண்டுபிடிப்பதற்கான வழி இது. என் பாட்டியின் அம்மாவுக்காக நான் தேடிய வரிசை. பிறகு சொந்தக்காரர்களும் நண்பர்களும் தேடும்போது கூட இருந்ததால், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதும் தெரியும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். அந்தக் காலப் பதிவேடுகளில் பெண் தனியாக வருவது அபூர்வம். இன்னார் மகள், இன்னார் பெண்சாதி, மைனர் இன்னாருக்குத் தாய் என்றுதான் வருவாள். அதனால் அவள் பெயரைத் தேடிப் போகாதீர்கள். அவளைச் சுற்றி இருந்த ஆண்களையும் அவர்களுடைய நிலத்தையும் தேடுங்கள். அந்தக் காகிதங்களுக்குள் அவள் இருப்பாள்.

1. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

வீட்டில் உள்ள பழைய டிரங்குப் பெட்டியை முதலில் இறக்குங்கள். பத்திரங்கள், ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, பள்ளிச் சான்றிதழ், புகைப்படத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுங்கள். மடிப்பில் கிழியும் பத்திரத்தை இழுத்துப் பிரிக்க வேண்டாம். மடிந்தபடியே பகுதி பகுதியாக எடுத்தால் போதும்.

பிறகு ஒரு நோட்டில் அவளுக்கென ஒரு பக்கம். பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், கணவர் பெயர், மாமனார் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர், பிள்ளைகள் பிறந்த வரிசை, உத்தேசமாகப் பிறந்த வருஷம், இறந்த வருஷம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘யார் சொன்னது, எந்தக் காகிதம்’ என்று எழுத வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விட்டவர்கள் ஆறு மாதம் கழித்து எது கேள்வி, எது ஆதாரம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவளுடைய மூத்த பிள்ளையின் கல்யாண மொய் நோட்டு கிடைத்தால் அது புதையல். தாய்மாமன் வீட்டு மொய் பெரும்பாலும் முதல் வரிகளிலேயே இருக்கும், ஊர்ப் பெயரோடு. மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ தாய்மாமன் என்றால் அவளுக்கு அண்ணன் தம்பி. ஊரும் ஆளும் ஒரே வரியில் வந்துவிடும்.

வழக்கமான தவறு: பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நேரே ஆவணக் காப்பகத்துக்குப் போவது. அங்கே பதிவேடுகள் ஊர், வருஷம், துறை என்ற வரிசையில் இருக்கின்றன. ‘மீனாட்சி’ என்று கேட்டால் எடுத்துத் தர யாராலும் முடியாது.

2. பெரியவர்களிடம் கேட்பது

‘பாட்டியோட அப்பா பேர் என்ன?’ என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் ‘தெரியலையே’ என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணமாகி வந்த பெண்ணின் அப்பா பெயரைப் புகுந்த வீட்டில் யாரும் சொல்லிப் பழகவில்லை. சடங்கைக் கேளுங்கள். சடங்கில் பிறந்த வீட்டுக்கு ஓர் இடம் உண்டு, அது நினைவில் நிற்கும்.

நான் கேட்பவை இவை: தலைப்பிரசவத்துக்கு எந்த ஊருக்குப் போனார்கள்? பிள்ளைக்குக் காது குத்தியபோது யார் மடியில் உட்கார வைத்தார்கள்? பொங்கல் சீர் யார் கொண்டு வந்தார்கள்? அவர் இறந்தபோது பிறந்த வீட்டுக் கோடி (புதுத் துணி) யார் போட்டது?

எனக்குத் திறந்தது கடைசிக் கேள்விதான். எண்பத்தெட்டு வயதுப் பெரியம்மா ஒருவரிடம் மூன்று முறை போயும் அப்பா பெயர் வரவில்லை. நான்காவது முறை கோடியைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ‘வண்டி வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. பொழுது சாயுற நேரத்துக்கு வந்தாங்க. பச்சைக் கரை போட்ட சீலை. ஆத்துக்கு அந்தாண்ட இருந்து வந்தாங்க’ என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பகல் வண்டித் தூரம். தேட வேண்டிய ஊர்கள் எட்டாகச் சுருங்கின.

இன்னொன்று: அந்தத் தலைமுறைப் பெண்கள் கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்தாதீர்கள். நீங்கள் ஒவ்வொரு பெயராகச் சொன்னால் தலையாட்டுவார்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையைச் சொல்லச் சொல்வார்கள். மாமியார் பெயரை வைத்த பெண் குழந்தையைக்கூட மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அதனால்தான் ஒரே ஆளுக்கு ‘பாப்பா’, ‘ஆத்தா’ என்று வீட்டுப் பேரும், பத்திரத்தில் வேறு பேரும் இருக்கிறது.

பெயர் வைக்கும் வழக்கம் நல்ல துப்பு. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பது பரவலான வழக்கம். அவளுடைய பெண்களில் ஒருத்திக்குக் கணவரின் அம்மா பெயர் இருந்தால், இன்னொருத்தியின் பெயர் அவளுடைய சொந்த அம்மாவின் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். துப்பு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஆதாரம் என்று எழுதாதீர்கள்.

இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, சொந்தத்துக்குள் கல்யாணம். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டியிருந்தால் ஒரே மனிதர் மாமனாகவும் மாமனாராகவும் மருமகனாகவும் வருவார். அவரை இரண்டு ஆளாகப் பிரித்து எழுதிவிட்டால் மரம் முழுக்கக் கோணலாகிவிடும். இரண்டாவது, மூத்த தாரம், இளைய தாரம். பிள்ளைகளின் வயதில் பெரிய இடைவெளி தெரிந்தால் ‘ரெண்டு தாரமா?’ என்று தனியாகக் கேளுங்கள். மூத்தவள் பிரசவத்தில் போய், அவள் தங்கையையே கட்டிவைத்த வீடுகள் ஏராளம். நீங்கள் தேடும் பாட்டி உங்களைப் பெற்ற வழியில் வந்தவரா, வளர்த்தவரா என்பது இங்கேயே தெரிய வேண்டும்.

3. வருஷத்தைப் பிடித்தல்

வருஷம் தெரியாமல் எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது. ஆனால் உங்களுக்குக் கிடைப்பது ஆங்கில வருஷமாக இருக்காது.

ஜாதகத்தில் தமிழ் வருஷம் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். பிரபவ 1867 சித்திரையில் தொடங்கியது, மறுபடி 1927-இல் வந்தது, அதிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். ‘சாதாரண வருஷம்’ என்றால் 1850–51 அல்லது 1910–11. எது என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்துத் தீர்மானியுங்கள்.

வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி என்ற ஆண்டுக் கணக்கு இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம், ஜூலையில் தொடங்கும். பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. திருநெல்வேலிப் பக்கத்திலும் கன்னியாகுமரியிலும் கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரிக்குப் பிறகு 825-ஐயும் கூட்டுங்கள். கொல்லம் 1086 ஐப்பசி என்றால் 1910.

வாய்மொழியில் வருஷம் நிகழ்ச்சியாக வரும். ‘தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவள்’ என்றால் 1876–78. ‘வால் நட்சத்திரம் தெரிஞ்ச வருஷம்’ என்றால் பெரும்பாலும் 1910. சென்னைக்காரர்களுக்கு ‘எம்டன் குண்டு போட்டப்போ’ (ஜெர்மன் போர்க்கப்பல்) என்றால் 1914 செப்டம்பர். கும்பகோணம் பக்கத்தில் மகாமகத்தை வைத்துச் சொல்வார்கள்: 1921, 1933, 1945. ‘சாரதா சட்டம் வருதுன்னு அவசரமா கட்டி வெச்சாங்க’ என்று யாராவது சொன்னால், குழந்தைத் திருமணத்தைத் தடுத்த அந்தச் சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது; கல்யாணம் அதற்குச் சற்று முன்னால்.

வழக்கமான தவறு: சொன்ன வயதை அப்படியே நம்புவது. பத்திரங்களில் பெண்களின் வயது உத்தேசமாகப் போடப்பட்டது. 25, 30, 40 என்று முழு எண்ணாக இருந்தால் முன்பின் ஐந்து வருஷம் சேர்த்துத் தேடுங்கள்.

4. ஊரை அன்றைய ஆட்சி எல்லையில் வைத்துப் பார்த்தல்

இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடினால் தவறான கட்டடத்தில் போய் நிற்பீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவானது. இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பழைய காகிதங்களில் திருநெல்வேலி என்றுதான் இருக்கும்.

புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். கன்னியாகுமரிப் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடு (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்தது. அதன் பழைய ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தைப் பார்க்க வேண்டும். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சி. அங்கே 1880-இல் வந்த ஆணைக்குப் பிறகு இந்தியர்களுக்கும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு பிரெஞ்சு முறையில் நடந்தது. பெண்ணின் அப்பா அம்மா பெயர் அதில் இருக்கும். பழைய பதிவேடுகள் பல பிரான்ஸ் நாட்டின் கடல்கடந்த பகுதிகள் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் படங்களாகவே இருக்கின்றன. ஆனால் 1881 ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அண்ணனும் தம்பியும்கூட வேறு வேறு பெயர் எடுத்திருக்கலாம்.

ஊர் ஜமீனா, ரயத்துவாரியா (விவசாயி நேரே அரசாங்கத்துக்கு வரி கட்டுவது), இனாமா (வரி இல்லாமலோ குறைத்தோ கொடுத்த மானியம்) என்பதையும் கேளுங்கள். ஜமீன் ஊராக இருந்தால் அரசாங்கத்தின் நிலவரித் திட்டப் பதிவேடு பெரும்பாலும் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு எழுதியதாகத்தான் இருக்கும்.

5. பத்திரப் பதிவு அலுவலகம்: அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

பிறப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்காமல் பத்திரத்திலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவு 1969 சட்டத்துக்கு முன்பு ஊருக்கு ஊர் ஒரு மாதிரி. கிடைத்தாலும் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், ‘பெண்’ என்று மட்டும் எழுதியிருக்கும். ஆனால் நிலப் பதிவுச் சட்டம் 1865-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 100 ரூபாய், அதற்கு மேல் மதிப்புள்ள நிலக் கிரயம் பதிவாகியே ஆக வேண்டும். அதோடு, எழுதிக் கொடுப்பவர் யார் என்பதை ஊர், தொழில், தகப்பனார் பெயரோடு குறிக்க வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டமே சொல்கிறது. அந்தக் காலத்தில் சாதியும் சேர்த்து எழுதினார்கள்.

(அ) கணவர் வீட்டு நிலத்தின் தாய்ப்பத்திரத்தைப் பிடியுங்கள். கையில் இருக்கும் பத்திரத்தில் முந்தைய பத்திரத்தின் எண், வருஷம், சார் பதிவாளர் அலுவலகம் இருக்கும். அதன் நகலுக்கு மனு கொடுங்கள். அதில் அதற்கும் முந்தையது. இப்படி ஒவ்வொன்றாகப் பின்னால் போக வேண்டும். ஒன்றைத் தாண்டிக் குதித்தால் அதே பெயருள்ள வேறு குடும்பத்துக்குள் போய்விடுவீர்கள்.

(ஆ) எண் தெரியாவிட்டால் சர்வே எண்ணை வைத்துப் பழைய வருஷங்களுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இணையத்தில் கிடைப்பது அண்மைக் காலத்தது மட்டும்தான். பழையதற்குத் தேடுதல் கட்டணம் கட்டி அலுவலகத்தில்தான் தேட வைக்க வேண்டும். 1979–87 நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் சர்வே எண்கள் மாறிவிட்டன. பழைய எண்ணை எஸ்.எல்.ஆர். (பழைய செட்டில்மெண்ட் நிலப் பதிவேடு) நகலில் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள். புது எண்ணைக் கொடுத்து ‘வில்லங்கம் எதுவும் இல்லை’ என்று வாங்கித் திரும்பியவர்கள் நிறைய.

(இ) சார் பதிவாளர் அலுவலகங்களும் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. இன்றைய அலுவலகத்தில் இல்லை என்றால் அது எந்த அலுவலகத்திலிருந்து பிரிந்தது, எந்த வருஷம் என்று கேளுங்கள். ‘இல்லை’ என்பதற்கும் ‘இங்கே இல்லை’ என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

(ஈ) நிலம் சம்பந்தப்பட்ட 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. உயில்கள் 3-ஆம் புத்தகம். எழுதியவர் இறந்த பிறகு யாரும் நகல் வாங்கலாம். பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதிவிடுங்கள். ‘வாரிசா நீங்க?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது பாதி குறையும்.

இனி எந்த வகைப் பத்திரத்தில் அவள் வருவாள் என்பது.

மஞ்சள்காணி, ஸ்ரீதனம், தான செட்டில்மெண்ட்: அப்பாவோ அண்ணனோ பெண்ணுக்கு நிலம் எழுதி வைத்தது. பிறந்த வீடு நேராகக் கிடைக்கும் ஒரே வகை இதுதான். நிலம் பிறந்த ஊரில் இருக்கும் என்பதால் அந்த ஊர் அலுவலகத்தில் தேட வேண்டும்.

விதவையின் கிரயம்: இந்துப் பெண்களின் சொத்துரிமை பற்றிய 1937 சட்டத்துக்கு முன்பு, பங்கு பிரியாத குடும்பத்தில் விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும்தான். பங்கு பிரிந்த கணவரின் சொத்து வந்தால்கூட, அவசியம் இருந்தால்தான் விற்கலாம். அதனால் விற்கும்போது அவசியத்தைப் பத்திரத்திலேயே விவரமாக எழுதினார்கள். கணவர் வாங்கிய கடன், மகள் கல்யாணம், கருமாதிச் செலவு, யாரிடம் எவ்வளவு என்று. ஒரு குடும்பத்தின் பத்து வருஷம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும்.

மைனர் பத்திரம்: ‘மைனர் இன்னாருக்குத் தாயாரும் கார்டியனுமாகிய’ என்று தொடங்கும். குறியீட்டில் (அலுவலகத்தின் பெயர்ப் பட்டியலில்) மைனர் மகன் பெயரில் ஏறியிருக்கும், அவள் பெயரில் தேடினால் தவறிப் போகலாம். பிள்ளைகள் பெயரிலும் தேடச் சொல்வது இதற்காகத்தான்.

ஜீவனாம்சப் பத்திரம், விடுதலைப் பத்திரம், தத்துப் பத்திரம் ஆகியவையும் அப்படியே. சென்னை மாகாணத்தில் கணவரின் அனுமதி இல்லாத விதவை, பங்காளிகளின் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்று ராமநாதபுரம் வழக்கில் 1868-இல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்தது. அதனால் தத்துப் பத்திரங்களில் பங்காளிகள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பத்திரம் கையில் வந்ததும் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு ஜீவனாம்சப் பத்திரம். முன்பக்கத்தில் அவள் ‘இன்னார் விதந்து’ (விதவை) மட்டும்தான், அப்பா பெயர் இல்லை. பின்பக்கத்தில், பதிவாளர் எழுதிய குறிப்பில், அவளுடைய இடது கைப் பெருவிரல் ரேகை. அதன் கீழே ‘அடையாளம் காட்டியவர்’ என்று இரண்டு பெயர். இரண்டாவது ஆள் வேறு ஊர்க்காரர், தகப்பனார் பெயரோடு. அந்த ஊர், பெரியம்மா சொன்ன ஆற்றின் அந்தக் கரையில் இருந்த எட்டு ஊர்களில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பெண் பதிவாளர் முன்னால் நிற்கும்போது கூட வந்தது அவளுடைய தம்பி என்று பிறகு தெரிந்தது. சாட்சிகளையும் அடையாளம் காட்டியவர்களையும் பத்திரம் எழுதியவரையும் ஒருவர் விடாமல் நோட்டில் எழுதுங்கள்.

படிக்கச் சில சாவிகள்: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. எண்கள் தமிழிலேயே இருக்கும்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். பாரியாள், பெண்சாதி, சம்சாரம் எல்லாம் மனைவி, குமாரத்தி மகள், விதந்து விதவை, ‘கீறல்’ என்றால் கையெழுத்துக்குப் பதில் போட்ட குறி. லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி, இலக்குமி நான்கும் ஒரே ஆளாக இருக்கலாம். எழுத்து மாறுவதால் குறியீட்டில் நான்கு இடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள்.

6. நிலவரிப் பதிவேடுகளும் இனாம் பதிவேடும்

பத்திரத்தில் ஊர் கிடைத்தபின் இது எளிது. பிறந்த ஊரின் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் அவளுடைய அப்பாவோ அண்ணனோ பட்டாதாரராக இருக்கிறாரா என்று பாருங்கள். அவளே பட்டாதாரராக இருந்தால் பெரும்பாலும் விதவை என்று பொருள்.

குடும்பத்துக்கு இனாம் நிலம் இருந்திருந்தால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொரு இனாமையும் விசாரித்து, யார் அனுபவிக்கிறார், அவருக்கு எப்படி வந்தது என்று எழுதி வைத்தது. கோயில் பணிக்காக நிலம் பெற்ற தேவதாசிக் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம்; அங்கே உரிமை பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போனதால் பெண்களின் பெயர்களே வரிசையாக இருக்கும். காப்பகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொண்டு, தாலுகா, கிராமம் இரண்டையும் அன்றைய பெயரில் எழுதிக்கொண்டு போங்கள்.

7. கோர்ட்டுக் காகிதம்

‘நம்ம குடும்பத்துல கேஸ் எல்லாம் கிடையாது’ என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பாமல் ஒரு முறை பாருங்கள். விதவை விற்ற நிலத்தைக் கணவரின் பங்காளிகள் எதிர்த்துப் போட்ட வழக்குகள் அந்தக் காலத்தில் நிறைய. யார் யாருக்கு எப்படிச் சொந்தம் என்பதுதான் வழக்கே என்பதால், பிராதில் (வழக்கு மனுவில்) வம்சாவளிப் பட்டியல் இருக்கும்.

மேல்முறையீட்டுக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது. சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தொடங்கியது. 1876 முதல் அதன் முக்கியத் தீர்ப்புகள் அச்சில் வந்தன. கணவர் பெயரையும் ஊரையும் வைத்து வழக்கறிஞர் ஒருவரிடம் சட்டத் தீர்ப்புத் தொகுப்புகளில் தேடித் தரச் சொல்லுங்கள். கீழ்க் கோர்ட்டில் வழக்குக் கட்டு அழிந்திருந்தாலும் தீர்ப்பும் டிக்ரியும் (தீர்ப்பின் முறையான உத்தரவு) இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். வழக்கு எண், வருஷம், கோர்ட் மூன்றும் இருந்தால்தான் நகல் மனு போட முடியும். பத்திரங்களிலேயே அந்த எண் குறிப்பிடப்பட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: வழக்கில் இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமான வம்சாவளியைத்தான் கொடுப்பார்கள். நீதிபதி ஏற்றுக்கொண்டது எது என்று தீர்ப்பில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

8. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சடங்கு

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஐந்தாவது படிக்கு முன்பே இதைச் செய்யலாம். ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பா, அம்மா, ஞானத்தாய் தந்தையர் பெயர்கள் இருக்கும். பழையவை லத்தீனில் இருக்கும். ஃபிலியா என்றால் மகள், உக்ஸோர் மனைவி, விதுவா விதவை, இவ்வளவு தெரிந்தால் போதும். 1908-க்குப் பிறகு நடந்த திருமணங்களை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆகவே அவளுடைய ஞானஸ்நான வரி கிடைத்தால் ஓரத்தில் யாரை, எங்கே மணந்தாள் என்று இருக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்துக்குத் திருச்சபையிடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. எந்த முறைச் சொந்தம் என்பதைத் திருமணப் பதிவில் பாருங்கள். பங்குக் கோயில்கள் பிரிந்திருப்பதால் தாய்ப் பங்கு எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

முஸ்லிம் குடும்பங்களில் நிக்காஹ் பதிவேட்டைப் பள்ளிவாசல் ஜமாஅத்தில் கேளுங்கள். பெண்ணின் வலியாக (நிக்காஹில் பெண் சார்பில் நிற்கும் பொறுப்பாளராக) நின்றவர் அப்பா, அவர் இல்லையென்றால் பெரும்பாலும் தாத்தாவோ சகோதரரோ. காயல்பட்டினம் போல வீடு பெண்ணுக்குப் போகும் ஊர்களில், வீட்டுப் பத்திரமே அம்மா, மகள், பேத்தி என்று இறங்கிவரும்.

தர்ப்பணம் செய்யும் குடும்பங்களில் அவளுடைய மகன் எழுதிவைத்த பெயர் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தர்ப்பணத்தில் அப்பா வழியில் மூன்று தலைமுறைக்கும், அம்மாவின் அப்பா வழியில் மூன்று தலைமுறைக்கும், மனைவிகளோடு சேர்த்துப் பெயர் சொல்ல வேண்டும். மகனுக்கு மாதாமகர் (அம்மாவின் அப்பா) என்றால் அவளுக்கு அப்பா. ஒரே காகிதத்தில் அவளுடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, கோத்திரத்தோடு. இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. அந்த வீட்டுச் சுமங்கலிப் பிரார்த்தனையில் சொல்லும் பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மற்ற குடும்பங்களில் கூட்டம், கிளை (சாதிக்குள் உள்ள வம்சப் பிரிவுகள்), குலதெய்வம் கேளுங்கள். கொங்குப் பகுதியில் பெண்ணின் பிறந்த கூட்டம் எது என்று தெரிந்தால் அதன் காணிக் கோயில் தெரியும். அங்கிருந்து ஊர்கள் வரும். கொண்டையங்கோட்டை மறவர்களில் கிளை அம்மா வழியில் வருவது. பிள்ளையின் கிளையே அவளுடைய கிளை. நகரத்தார் வீடுகளில் திருமணத்தின்போது எழுதும் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தைத் தேடுங்கள். தலைக்கட்டு வரிப் பட்டியல் கைகொடுக்காது, அதில் கட்டிக்கொடுத்த பெண்கள் பெயர் இருக்காது.

9. கடல் கடந்து போனவள் என்றால்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை, சென்னையிலிருந்து ஃபிஜிக்கு 1903 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன பெண்களுக்கு, உள்ளூரில் இருந்தவர்களைவிட நல்ல பதிவு இருக்கிறது. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் வரை. மொரிஷியஸுக்குப் போனவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேளுங்கள். சிலருக்குப் புகைப்படமும் உண்டு.

எண்ணைத் தேடுங்கள், பெயரைத் தேடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் திருமணப் பதிவிலும் அந்த எண் தொடர்ந்து வரும். பெயரும் ஊரும் வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டவை. வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் ஊர் புரியும். இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இந்த மாதிரி முழுப் பட்டியல் கிடையாது. தோட்டப் பிறப்புப் பதிவு, பிற்காலக் குடியுரிமை விண்ணப்பம் ஆகியவற்றிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

10. இவள்தான் அவள் என்று முடிவு செய்வது

பெயர் பொருந்துவது போதாது. ஒரே ஊரில் ஒரே தலைமுறையில் ஐந்து மீனாட்சி இருப்பார்கள். பெயரைத் தவிர மூன்று விஷயமாவது பொருந்த வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. கணவர் பெயர், ஊர், பிள்ளை ஒருவரின் பெயர், சர்வே எண், சகோதரர் பெயர் ஆகியவற்றில் ஏதேனும் மூன்று. அவையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுச் சொன்னதாக இல்லாமல், வெவ்வேறு இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். பெரியம்மா சொன்னதையே சித்தியும் சொன்னால் அது ஒரே ஆதாரம்தான். பெரியம்மா சொன்னதும் பத்திரத்தின் பின்பக்கம் சொன்னதும் பொருந்தினால் அது இரண்டு.

பொருந்தாத ஒன்று வந்தால் அதை மறைக்காமல் அவளுடைய பக்கத்திலேயே எழுதுங்கள். என் நோட்டில் அவளுடைய பிறந்த வருஷத்துக்கு எதிரே இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன.

11. பிறந்த ஊருக்குப் போவது

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பழைய பத்திரத்தோடு புது ஆள் ஒருவர் வந்து ‘உங்க தாத்தா பேர் என்ன, நிலம் எது’ என்று கேட்டால், பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். கதவு ஒருமுறை சாத்திவிட்டால் திறப்பது கடினம். ஆகவே போகும் முன் நிலம் பற்றிய கேள்விகள் அனைத்தையும் அலுவலகத்திலேயே முடித்துவிடுங்கள்.

அங்கே போனதும் பத்திரத்தை எடுக்க வேண்டாம். பாட்டியின் படம் இருந்தால் அதைக் கொடுங்கள். ‘எங்க பாட்டி இந்த வீட்டுப் பொண்ணுன்னு நினைக்கிறோம், சொத்து விஷயமா வரலை’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் வயதான பெண் யார் என்று கேட்டு அவரிடம் உட்காருங்கள். ‘இந்த வீட்டுலேருந்து எந்தெந்த ஊருக்குப் பொண்ணு குடுத்தீங்க?’ என்று கேளுங்கள். உங்கள் ஊரின் பெயரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வரும்போது அது அவர் வாயிலிருந்து வரட்டும்.